"போதும்" என்று விட்ட அனுபவம் யாருக்காவது உண்டா?

மஞ்சக்குப்பம் தையல்காரி:

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். பதினாறு வருடம் ஆகிறது. எனக்கு ஒரு வியாதி உண்டு. தைத்ததைப் பிரிப்பேன். கழுத்துப் பைப்பிங் ஒரு நூல் அளவு ஏறி இறங்கினாலும் பிரிப்பேன். முதுகில் பிடிக்கிற டாட், அதாவது மடிப்புத் தையல், இரண்டும் ஒரே உயரத்தில் முடியவில்லை என்றால் பிரிப்பேன். போட்டுக்கொள்கிறவளுக்கே தெரியாது, அவள் முதுகைப் பார்க்கிறவர்களுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், அவ்வளவுதான். பிரிப்பதற்கென்றே பாதி பிளேடு ஒன்று மெஷின் மேலேயே கிடக்கும். கத்தரியைவிட அதுதான் அதிகம் தேய்ந்திருக்கும்.

போன ஆவணியில் ஒரு கல்யாண பிளவுஸ் வந்தது. செம்மண்டலத்தில் பெண் வீடு. நல்ல கனமான பட்டு, இரண்டு கையிலும் ஆரி வேலையில் மயில். ஆரி போட்டு வந்த துணியை வெட்டிக் கை ஏற்றிய பிறகுதான் கவனித்தேன். இடது கை மயில் கால் அங்குலம் மேலே நிற்கிறது. மார்க் செய்யும்போதே தப்பியிருக்கிறது. நான் போட்ட வேலை அல்ல, விட்டிருக்கலாம். விடவில்லை. கையைப் பிரித்து இறக்கி ஏற்றினேன். மயில் சரியானது, ஆர்ம்ஹோலில் சுருக்கம் விழுந்தது. மறுபடி பிரித்தேன். பட்டில் ஒரு முறை ஊசி போன தடம் மறையாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கை நிற்கவில்லை. மூன்றாவது முறை துணியே பிசிறு விட ஆரம்பித்தது. உள்ளே லைனிங் துணியை ஒட்டுப் போட்டு, நரம்புத் தையல் போல் பிடித்துப் பிடித்துத் தைத்தேன்.

கொண்டுபோய்க் கொடுத்தபோது இரவு பத்து மணி. பெண்ணழைப்பு முடிந்திருந்தது. அதற்குப் போட வேண்டிய பிளவுஸ் இதுதான். அந்தப் பெண் வேறு எதையோ போட்டுச் சமாளித்திருந்தாள். பெண்ணின் அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை, கூலியை முழுசாகக் கையில் வைத்தார். கிளம்பும்போது பெண்ணின் அத்தை மட்டும் கேட்டார்: "முந்தாநாளே குடுத்திருந்தா பொண்ணு ஒரு தடவ போட்டுப் பாத்திருக்கும்ல?"

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. ஏனென்றால் மூன்று நாளாக அந்த மயிலை மேஜையில் விரித்து வைத்துத்தான் அளந்தேன். அவள் உடம்பில் ஒரு தடவைகூட வைத்துப் பார்க்கவில்லை. இத்தனை வருடம் டேப் பிடித்தவள் நான், இரண்டு தோளும் ஒரே உயரத்தில் இருக்கிற ஆளை அதிகம் பார்த்ததில்லை. யாருக்கும் ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். மேஜையில் சமமாக நிற்கிற மயில் ஆள்மேல் ஏறினால் எப்படியும் ஏறி இறங்கும்!

இப்போது ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். உள்ளே ஒரு அங்குலம் துணி விட்டுத் தைத்து, மூன்று நாள் முன்னதாகப் போட்டுப் பார்க்கக் கூப்பிடுவது. அவர்கள் போட்ட பிறகு எது பிடிக்கிறதோ, எது தொங்குகிறதோ, அதை மட்டும் பிரிப்பது. சொல்ல எளிது. இன்னும் கை பிளேடைத் தேடுகிறது. உங்களுக்கெல்லாம் இப்படி உண்டா?

பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்காரன்:

உண்டு தங்கச்சி. உங்களுக்கு மூன்று நாள் போனது, எனக்கு இரண்டு வருடம்.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரை ஏறியது. எங்கள் முந்திரிக்கொல்லையில் விடிந்து பார்த்தால் நின்ற மரத்தை விரல்விட்டு எண்ணலாம். எல்லாம் அப்பா கொட்டை ஊன்றி வளர்த்த மரங்கள். கிடைத்த இடத்தில் நட்டது, வரிசையும் கிடையாது ஒன்றும் கிடையாது. எனக்கு அப்போது, வெட்கத்தை விட்டுச் சொன்னால், அழுகையோடு கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது. இனிமேலாவது ஒழுங்காகச் செய்யலாம் என்று.

நோட்டில் படம் போட்டேன். ஏழு மீட்டருக்கு ஏழு மீட்டர், ஏக்கருக்கு எண்பது மரம், எல்லாம் ஒரே ரக ஒட்டுக்கன்று. அதற்கு முன்னால் விழுந்த மரத்தின் வேர்க்கட்டை ஒன்று விடாமல் எடுக்க வேண்டும், மண் பரிசோதனை செய்ய வேண்டும், வரப்பை நேராக்க வேண்டும். கட்டை எடுத்து முடிப்பதற்குள் ஒரு மழைக்காலம் போனது. அடுத்த வருடம் நான் கேட்ட ரகத்தில் மொத்தக் கன்றும் ஒரே இடத்தில் கிடைக்கவில்லை. பாதி வாங்கி நட மனசு வரவில்லை. அதுவும் போனது.

பக்கத்துக் கொல்லை சித்தப்பா முதல் மழையிலேயே கட்டைகளுக்கு நடுவில் இடம் கண்ட இடத்தில் குழி தோண்டி, வந்த கன்றை நட்டுவிட்டார். இடையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டார். ஒட்டுக்கன்று மூன்றாம் வருடம் காய்ப்புக்கு வரும். அவர் கொட்டை பொறுக்கிக்கொண்டு இருந்தபோது என் கன்றுக்கு முழங்கால் உயரம்.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், இன்று இரண்டு கொல்லையும் பார்த்தால் என்னுடையதுதான் லட்சணம். டிராக்டர் நேராக ஓடும், மருந்தடிக்க வசதி. சித்தப்பா கொல்லையில் டிராக்டர் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும். அதனால் திட்டம் போட்டது தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாதிக் கன்றை முதல் வருடமே நட்டிருந்தால் அதே ஏழு மீட்டரில்தானே நட்டிருப்பேன்? மீதியை அடுத்த மழையில் நட்டிருக்கலாம். அது அன்றைக்குத் தோன்றவில்லை. முழுசாகச் செய்வது, இல்லாவிட்டால் தொடுவதே இல்லை என்று இருந்தேன். அந்த இரண்டு வருடத்துக் கடனுக்கு வட்டி கட்டியது என் வீட்டுக்காரி தோடு.

வில்லியனூர் எலக்ட்ரீஷியன்:

எல்லாரும் சேர்ந்து "போதும் போதும்" என்று ஆரம்பித்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. என் தொழிலில் அந்த வார்த்தை ஆளைக் கொல்லும். ஒரு வீட்டில் கிரைண்டரைத் தொட்டால் விர்ரென்று இழுக்கிறது என்று கூப்பிட்டார்கள். பிளக் பாயிண்டைத் திறந்தால் எர்த் ஒயர் எதிலும் மாட்டாமல் சும்மா சுருட்டி உள்ளே தள்ளியிருந்தது. வேலை பார்த்தவர் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, போதும் என்று போயிருக்கிறார். எர்த்தையும், 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் கசிந்தாலே டிரிப் ஆகி லைனைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. ஸ்விட்சையும் நான் இரண்டு தடவை சோதிப்பேன். எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

ஆனால் நானும் யோக்கியன் இல்லை. ஸ்விட்ச் போர்டை ரசமட்டம் வைத்துத்தான் பொருத்துவேன். புதுச்சேரி டவுனுக்குள் ஒரு பழைய சுண்ணாம்புச் சுவர் வீட்டில், ஒரு போர்டுக்கு அரை நாள் ஆக்கினேன். ரசமட்டத்தில் குமிழி நட்டநடுவில் நிற்கிறது, வீட்டுக்காரம்மா "தம்பி, கோணலா இருக்கே" என்கிறார். அப்புறம்தான் பார்த்தேன், பக்கத்துக் கதவு நிலையே சாய்ந்திருக்கிறது. நேராக வைத்த போர்டு அதன் பக்கத்தில் கோணலாகத் தெரிகிறது. கழற்றி நிலைக்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் சாய்த்து வைத்தேன். அம்மா காபி கொடுத்தார். அக்கா, உங்கள் மயில் கதை படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

லாஸ்பேட்டை மாணவி:

என்னுடையது பிரெஞ்சுப் பரீட்சை. எங்கள் தெருவில் சொல்தா குடும்பங்கள் உண்டு. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். சின்ன வயதிலிருந்து அந்த மொழி காதில் விழுந்தும் எனக்குப் பேச வாய் வராது. டெல்ஃப் என்கிற பிரெஞ்சு மொழித் தேர்வில் பி2 நிலை எழுதலாம் என்று படித்தேன். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25, மொத்தம் 100. தேறுவதற்கு 50 போதும், எதிலும் 5க்குக் கீழே போகக் கூடாது. எனக்கு 90 வேண்டும். பள்ளியில் எடுத்தது எல்லாம் அப்படித்தானே!

அந்த மொழியில் மேஜை பெண்பால், புத்தகம் ஆண்பால். ஆண்பாலுக்கு முன்னால் லெ, பெண்பாலுக்கு முன்னால் லா போட வேண்டும். இதற்கு ஒரு நோட்டு போட்டு, எந்தப் பொருள் என்ன பால் என்று எழுதிக்கொண்டே இருந்தேன். அந்த நோட்டு முடியட்டும் என்று மூன்று தடவை பணம் கட்டாமல் விட்டேன். நோட்டு முடியவில்லை, எப்படி முடியும்? டீச்சர் ஒரு நாள் பலகையில் எழுதினார்: "லெ மியோ எ லென்மி து பியான்." நன்றாக இருப்பதற்கு எதிரி, இன்னும் நன்றாக இருக்க வேண்டும் என்பது. பிரெஞ்சு எழுத்தாளர் வொல்த்தேர் 1772இல் கவிதையில் எழுதியது, அவரே அதை ஒரு இத்தாலியர் சொன்னதாகத்தான் எழுதினார் என்றார் டீச்சர். நான் அதையும் நோட்டில் எழுதி, எல்லாச் சொல்லுக்கும் பால் குறித்துக்கொண்டேன். அப்படி ஒரு ஜன்மம்.

மாறியது தெருக்கோடித் தாத்தாவால். சாயங்காலம் பெத்தாங்க் என்கிற பிரெஞ்சு விளையாட்டில் குண்டு எறிந்துகொண்டிருப்பார். ஒரு நாள் துணிந்து பிரெஞ்சில் ஏதோ கேட்டேன், பாதியில் பால் தப்பியது, அப்படியே நின்றுவிட்டேன். தாத்தா தமிழில் சிரித்தார். "பாப்பா, அத்தன வருஷம் பட்டாளத்துல இருந்தேன். லெ, லா எனக்கு இன்னும் தகராறுதான். அதுக்காக பென்ஷன நிறுத்திட்டானா?"

அந்த முறை பணம் கட்டினேன். கேட்டல் 16, வாசித்தல் 19, எழுதுதல் 11.5, பேசுதல் 15. மொத்தம் 61.5. அந்த 11.5ஐப் பார்த்தால் இப்போதும் வயிறு எரிகிறது, பொய் சொல்லவில்லை. சான்றிதழை அம்மா ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டார். தாத்தாவிடம் தினமும் பேசுகிறேன். இரண்டு பேரும் தப்புத் தப்பாகத்தான்.

மஞ்சக்குப்பம் தையல்காரி:

எலக்ட்ரீஷியன் தம்பி, நீங்கள் சொன்னது எனக்கும் பொருந்தும். அக்குள் தையலை நான் இரட்டையாகத்தான் போடுவேன், அது கிழிந்தால் சபையில் மானம் போகும். அதில் போதும் என்கிற பேச்சு இல்லை. முந்திரி அண்ணே, அந்தத் தோடு திரும்பி வந்ததா?

இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். காலேஜ் பெண் ஒருத்தி போட்டுப் பார்க்க வந்தாள். பின்கழுத்து நாடாவில் ஒரு குஞ்சம் இன்னொன்றைவிடக் கொஞ்சம் நீளம். எனக்கு விரல் துறுதுறுத்தது. கையைத் தூக்கச் சொன்னேன், தூக்கினாள். குனியச் சொன்னேன், குனிந்தாள். "பிடிக்குதா எங்கயாவது?" "இல்ல ஆன்ட்டி." கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துவிட்டு, அதையே போட்டுக்கொண்டு போகிறேன் என்றாள். நான் குஞ்சத்தைப் பார்க்காமல் பையை எடுத்துக் கொடுத்தேன். பெருமையாக இருந்தது.

ராத்திரி எட்டரைக்குப் போன் வந்தது. "ஆன்ட்டி, கீழ ஒரு கொக்கியே வைக்கல." நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.