பேனா இல்லாமல் ஜியோகேஷ் கண்டுபிடித்தால் என்ன செய்வீர்கள்?

நண்பர்களே, வணக்கம். சிங்கப்பூரில் இருக்கிறேன், ஜியோகேஷிங் (யாரோ ஒளித்து வைத்த டப்பாவை ஜி.பி.எஸ். பார்த்துத் தேடிப் பிடிக்கும் விளையாட்டு; அந்த டப்பாதான் ஜியோகேஷ்) தொடங்கி இரண்டு மாதம்தான். நேற்று ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் முக்கால் மணி நேரம் அலைந்து, ஒரு பெஞ்சுக்கு அடியில் காந்தத்தோடு ஒட்டியிருந்த டப்பாவைப் பிடித்தேன். சுண்டுவிரல் நுனி அளவுதான், அதில் பேனா எங்கே கொள்ளும்? பையைத் துழாவினால் என்னிடமும் இல்லை. உள்ளே பீடி மாதிரி சுருட்டிய தாள். அதில் பெயர் எழுதினால்தான் கண்டுபிடித்ததாகக் கணக்கு.

முதலில் ஒரு குச்சியைச் சேற்றில் தோய்த்து எழுதிப் பார்த்தேன், காய்ந்ததும் உதிர்ந்துவிட்டது. இலையைக் கசக்கலாம் என்றால், இங்கே பூங்காச் செடியில் கை வைத்தால் அபராதம். அப்புறம்தான் பார்பிக்யூ அடுப்பு கண்ணில் பட்டது. ஆறிப்போன கரித்துண்டு ஒன்றைத் தரையில் உரசிக் கூராக்கி, பெயரின் முதலெழுத்தும் தேதியும் போட்டேன். சுருட்டும்போதே பாதி அழிந்துவிட்டது. எனக்கு முன்னால் எழுதியவரின் பெயர்மேலும் கறை, அதுதான் உறுத்துகிறது.

கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். டப்பாவை வைத்தவருக்கு அனுப்பினால் ஏற்றுக்கொள்வாரா, இல்லை திரும்பப் போய் ஒழுங்காக எழுதிவிட்டு வருவதுதான் முறையா? கரியைவிட நன்றாக ஒட்டும் வழி யாருக்காவது தெரியுமா? லிப்ஸ்டிக் என்று ஒருவர் சொன்னார், அதையும் நான் கடன்தான் வாங்க வேண்டும். இனி பையில் பென்சில் துண்டு ஒன்று கிடக்கும், ஈரத் தாளில் பேனா சரியாக எழுதாது. சாவிக்கொத்தில் மாட்டுகிற குட்டிப் பேனா இங்கே எங்கே கிடைக்கும் என்றும் சொல்லுங்கள்.