ஸ்டார்கேட் யுனிவர்ஸுக்கு மூன்றாவது சீசன் வந்திருக்க முடியுமா?

ஒன்பதாவது செவ்ரான்:

ஸ்டார்கேட் யுனிவர்ஸ் என்கிற அறிவியல் புனைகதை டிவி தொடரை இந்த வாரம் மூன்றாவது தடவையாகப் பார்த்து முடித்தேன். ரெண்டு சீசன், 40 எபிசோடு. கடைசிக் காட்சி முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்த பிறகும் அணைக்க மனசு வராமல் உட்கார்ந்திருந்தேன். முதல் தடவையும் இப்படித்தான். 2011 மே 9-ம் தேதி ஒளிபரப்பான எபிசோடு அது. இத்தனை வருஷம் ஆகியும் ஆறவில்லை.

கடைசி எபிசோடு வரை சொல்லப்போகிறேன். பார்க்கிற எண்ணம் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டெஸ்டினி, ஆளே இல்லாமல் ஏதோ ஒரு யுகத்தில் அனுப்பப்பட்ட விண்கப்பல். ஸ்டார்கேட் என்பது தூரத்து இடங்களுக்குக் கொண்டுபோகிற வளைய வாசல்; செவ்ரான் அதன் முகவரிப் பூட்டு. ஸ்டார்கேட்டின் ஒன்பதாவது செவ்ரான் பூட்டிக்கொண்டதும் பூமியிலிருந்து எத்தனையோ கேலக்ஸி தள்ளி ஓடிக்கொண்டிருக்கிற அந்தக் கப்பலுக்குள் ஒரு கூட்டம் வந்து விழுகிறது. தாக்குதலில் தப்பிக்க ஓடி வந்தவர்கள். உடை, மருந்து, சாப்பாடு எதுவும் போதாது. திரும்பிப் போக வழியும் கிடையாது.

முடிவில், ட்ரோன்கள் என்கிற ஆளில்லா எதிரிக் கலங்கள் நட்சத்திரங்களைக் காவல் காக்கின்றன. இந்தக் கப்பல் நட்சத்திரத்துக்குள் பாய்ந்துதான் சக்தி எடுத்துக்கொள்ளும்; ஆக, பட்டினி போட்டு மடக்குகிற மாதிரி. ஒரே வழி, நிற்காமல் அடுத்த கேலக்ஸிக்குப் போய்விடுவது. மூன்று வருஷப் பயணம், எல்லாரும் உறைநிலைப் பெட்டிகளில். ஒரு பெட்டி குறைகிறது. அதைப் பழுது பார்க்க ரெண்டு வாரம் இருக்கிறது, அதுவரை ஒருவர் விழித்திருக்க வேண்டும். எலை வாலஸ் தான் இருப்பதாகச் சொல்கிறான். ராணுவத்தில் இல்லாத, படிப்பைப் பாதியில் விட்ட, வீடியோ கேமில் ஒரு புதிரை விடுவித்ததற்காகக் கூட்டிவரப்பட்ட பையன்.

அவன் நடந்து வருகிறான், பின்னால் விளக்குகள் அணைந்துகொண்டே வருகின்றன. கண்ணாடி மாடத்தில் வந்து நிற்கிறான். வெளியே ஒளி ஓடிக்கொண்டிருக்கிறது. பயம் தெரியவில்லை, அழுகையும் இல்லை. மெதுவாக ஒரு சிரிப்பு. அவ்வளவுதான், தொடர் முடிந்துவிட்டது.

இந்தத் தடவை பார்த்தபோது இன்னொன்று உறைத்தது. எலை விரும்பிய ஜின் செத்துப்போனாலும் அவளுடைய நினைவு கப்பலின் கணினிக்குள் இருக்கிறது. அங்கே பூட்டி வைத்தவனே எலைதான், வேறு வழியில்லாமல். கப்பலே உறங்கும்போது அவன் ஒருவன் விழித்திருக்கிறான், அவள் அதே கப்பலின் நினைவகத்தில். இதை எழுதியவர்கள் கையில் மூன்றாவது சீசனின் முதல் எபிசோடு இருந்திருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், கதை தீர்ந்துபோய் முடிந்த தொடர் இல்லை இது.

என் கேள்வி இதுதான். இது தொடர்ந்திருக்க முடியுமா? என்ன ஒன்று மாறியிருந்தால் தொடர்ந்திருக்கும்? சேனலைத் திட்டுவது சுலபம், நானும் வருஷக்கணக்கில் திட்டியிருக்கிறேன். ஆனால் குறை கதை சொன்ன விதத்திலும் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. அண்டப் பின்புலக் கதிர்வீச்சில் ஒரு ஒழுங்கு இருக்கிறது, பிரபஞ்சம் பிறந்தபோதே யாரோ விட்டுச்சென்ற அடையாளம் போல. அதைத் தேடித்தான் டெஸ்டினி போகிறது. எவ்வளவு பெரிய விஷயம்! அதை ரெண்டாவது சீசன் வரை சொல்லவே இல்லை. முதல் சீசன் முழுக்க வீட்டுக்குத் திரும்ப ஏங்குகிறவர்களின் கதை. போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் ஜனம் கூடவே வந்திருக்கும் என்பது என் கட்சி.

எடிட்டிங் டேபிள்:

சகோ, கதையைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கதை எப்படி இருந்திருந்தாலும் 2010-ல் இது தப்பித்திருக்காது.

நாள்களைப் பாருங்கள். 2009 அக்டோபர் 2, வெள்ளிக்கிழமை, முதல் ஒளிபரப்பு. இருபது லட்சத்துக்கு மேல் ஆள் பார்த்தார்கள், கேபிள் சேனலுக்கு நல்ல தொடக்கம். அந்த வெள்ளி ராத்திரி, முந்தைய ஸ்டார்கேட் தொடர்களான எஸ்ஜி-1, அட்லாண்டிஸ் ரெண்டின் ரசிகர்களும் வருஷக்கணக்காகப் பழகிய நேரம். டிசம்பரில் நிறுத்தி ஏப்ரலில் மறுபடி ஆரம்பித்தார்கள். ரெண்டாவது சீசன் 2010 செப்டம்பர் 28, செவ்வாய்க்கிழமை. வெள்ளியை மல்யுத்தத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ஸ்மாக்டவுன் அந்த அக்டோபர் 1-ம் தேதி இதே சேனலான சைஃபைக்கு வந்தது. செவ்வாயில் பார்வையாளர் எண்ணிக்கை முதல் நாளோடு ஒப்பிட்டால் பாதியாகிவிட்டது. கேப்ரிகா என்கிற இன்னொரு தொடரையும் அதே செவ்வாய்க்கு மாற்றினார்கள், அது அக்டோபர் கடைசியிலேயே போய்விட்டது. டிசம்பர் 16 இதையும் ரத்து செய்வதாக அறிவித்தார்கள். மிச்சம் பத்து எபிசோடு 2011 மார்ச்சில் திங்கட்கிழமைக்கு வந்தது. ஒன்றரை வருஷத்தில் மூன்று கிழமை, நடுவே மாதக்கணக்கில் இடைவெளி. அடுத்து என்று வரும் என்று தெரியாத தொடருக்கு யார் காத்திருப்பார்கள்?

நான் எடிட்டிங் வேலையில் இருப்பவன், அதனால் இதன் இன்னொரு பக்கம்தான் எனக்கு முதலில் கண்ணில் படும். இந்த மாதிரித் தொடருக்குச் சேனல் முழுச் செலவையும் தருவதில்லை. ஒரு பங்கு தரும். மீதியை ஸ்டூடியோ வெளிநாட்டு விற்பனை, டிவிடி, மறுஒளிபரப்பு என்று எடுக்க வேண்டும். ஆகவே சேனல் கைவிட்டாலும், பணமுள்ள ஸ்டூடியோ வேறு கதவைத் தட்டலாம். எஸ்ஜி-1-க்கு அதுதான் நடந்தது: ஐந்து சீசன் ஷோடைம் சேனலில், பிறகு 2002-ல் சைஃபை எடுத்துக்கொண்டு இன்னும் ஐந்து சீசன். யுனிவர்ஸ் கைவிடப்பட்ட நேரத்தில் அதன் ஸ்டூடியோவான எம்ஜிஎம் நிலை என்ன? 2010 நவம்பரில் திவால் மனு. கடன் சுமார் 400 கோடி டாலர். கப்பலைக் காப்பாற்ற வேண்டியவர்களே மூழ்கிக்கொண்டிருந்தார்கள்.

கதையை முடித்துவைக்க ஒரு படம் எடுக்கவும் முயன்றார்கள். 2011 ஏப்ரலில் தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான பிராட் ரைட்டே அது நடக்காது என்று சொல்லிவிட்டார். 2008-ல் எஸ்ஜி-1-க்கு ரெண்டு படம் நேராக டிவிடியில் வந்ததே, அந்தச் சந்தை மூன்றே வருஷத்தில் சுருங்கிப்போயிருந்தது.

மீரா பெகாசஸ்:

நான் இந்தத் தொடரைப் பாதியில் விட்டுப் போனவர்களில் ஒருத்தி, அதனால் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

அட்லாண்டிஸ் 100 எபிசோடு. ஐந்து வருஷம் அந்த மனிதர்களோடு இருந்தேன். 2009 ஜனவரியில் அது முடிந்தது, அதே வருஷம் அக்டோபரில் யுனிவர்ஸ். எங்களுடையதைப் பிடுங்கி இதைக் கொடுத்தார்கள் என்றுதான் அப்போது எனக்குப் பட்டது. கோபத்தோடு உட்கார்ந்து பார்த்தேன். இருட்டு, எல்லாரும் சண்டை, யாருக்கும் யார் மேலும் நம்பிக்கை இல்லை. அந்தத் தொடர்புக் கற்கள் வேறு. பூமியில் இருப்பவர் உடம்பை வாங்கிக்கொண்டு போய் தன் மனைவியைப் பார்ப்பது. அந்த உடம்புக்குச் சொந்தக்காரரைக் கேட்டார்களா என்று யாரும் யோசித்த மாதிரியே தெரியவில்லை. அது எனக்கு இன்றும் நெருடல்தான். நாலாவது எபிசோடோடு நிறுத்தினேன்.

ஐந்தாவது எபிசோடு என்ன தெரியுமா? ‘லைட்’. கப்பல் நட்சத்திரத்தை நோக்கிப் போகிறது, சாவு நிச்சயம். ஷட்டில் என்கிற சின்னக் கலத்தில் சிலருக்குத்தான் இடம், குலுக்கல் போடுகிறார்கள். பெயர் வராதவர்கள் கப்பலில் தங்கிவிடுகிறார்கள். ஒருவர் புத்தகம் படிக்கிறார். சிலர் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். வெளிச்சம் ஏறிக்கொண்டே போகிறது. கப்பல் எரியவில்லை. அது வந்ததே சக்தி எடுத்துக்கொள்ளத்தான். அதை நான் ஆறு வருஷம் கழித்துப் பார்த்தேன், தனியாக. ஒரு வாரம் பொறுத்திருந்தால் அன்றைக்கே பார்த்திருப்பேன், அதற்குப் பிறகு விட்டிருக்கவும் மாட்டேன்.

அதனால் என் பதில், முடிந்திருக்கும். செனட்டர் ஷட்டில் கதவை உள்ளேயிருந்து மூடுகிற காட்சி முதல் நாள் ஒளிபரப்பிலேயே இருந்ததே, அந்தக் கனத்தோடு ‘லைட்’ கதையையும் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்னைப் போன்றவர்கள் பாதிப்பேராவது தங்கியிருப்போம்.

ஒன்பதாவது செவ்ரான்:

மீராக்கா, ‘ஒரு வாரம் பொறுத்திருந்தால்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பதில் எழுத முடியவில்லை. நன்றி.

எடிட்டிங் டேபிள் சொன்ன கிழமைக் கணக்கை நான் இப்படி வரிசையாக வைத்துப் பார்த்ததே இல்லை. எம்ஜிஎம் விஷயம் தெரியும், ஆனால் திவால் மனுவும் ரத்து அறிவிப்பும் ஆறேழு வார இடைவெளியில் என்பது உறைக்கவில்லை. என் கட்சியில் பாதியை விட்டுக்கொடுக்கிறேன். கதை நன்றாக இருந்திருந்தால் மட்டும் போதாது.

ஆனால் மீதிப் பாதியை விடமாட்டேன். ரெண்டாவது சீசனின் கடைசிப் பத்தைப் பாருங்கள். ‘காமன் டிசென்ட்’, ‘எபிலாக்’. காலத்தில் பின்னால் தூக்கி எறியப்பட்ட இன்னொரு டெஸ்டினிக் கூட்டம் ஒரு கிரகத்தில் குடியேறி, பிள்ளை பெற்று, வயதாகிச் செத்து, அவர்கள் வம்சம் ஒரு நாகரிகமாகவே வளர்ந்திருக்கிறது. நம் ஆட்கள் அந்தப் பழைய வீடியோக்களை உட்கார்ந்து பார்க்கிறார்கள், தங்கள் சொந்த முதுமையை. கப்பலில் மருத்துவம் பார்க்கிற டி.ஜே. தனக்கு வரப்போகிற நோயை அதில்தான் தெரிந்துகொள்கிறாள். கூட்டத்தின் தலைவரான கர்னல் யங் பேச்சில்லாமல் நிற்கிறார். ஸ்டார்கேட்டில் வந்த எல்லாவற்றிலும் இது உச்சம் என்பேன். இந்தத் தரத்துக்கு வந்த நேரத்தில் தொடர் ஏற்கெனவே ரத்தாகியிருந்தது.

மூன்றாம் அலைவரிசை:

எல்லாரும் சொன்னது சரி. நான் ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: இது பிறந்த வருஷம்தான் இதன் கெட்ட நேரம்.

தி எக்ஸ்பான்ஸ் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். அதே சைஃபை சேனல், 2018 மே மாதம் மூன்று சீசனோடு நிறுத்தியது. அதே மாதம் அமேசான் எடுத்துக்கொண்டது. இன்னும் மூன்று சீசன் வந்து 2022 ஜனவரியில் முடிந்தது. ரசிகர்கள் விமானத்தில் பேனர் கட்டிப் பறக்கவிட்டார்கள், நல்ல முயற்சிதான். ஆனால் வாங்குகிற இடத்தில் ஒருவர் இருந்ததால்தான் அது பலித்தது. சைஃபையிடம் இருந்த உரிமை குறைவு, தயாரிப்பு நிறுவனத்தால் வெளியே கொண்டுபோய் விற்க முடிந்தது.

2011-ல் அப்படி வாங்க யார் இருந்தார்கள்? நெட்ஃபிளிக்ஸ் ரத்தான தொடர் ஒன்றை எழுப்பி, அரெஸ்டட் டெவலப்மென்டின் புது சீசனை வெளியிட்டதே 2013 மேயில். அதற்குள் இங்கே செட்டைப் பிரித்தாயிற்று. யுனிவர்ஸின் முக்கிய விஞ்ஞானி டாக்டர் ரஷ்ஷாக நடித்த ராபர்ட் கார்லைல் 2011 அக்டோபரிலேயே வேறு தொடரில் நாயகர்களில் ஒருவர். டாக்டர் ரஷ் இல்லாமல் யுனிவர்ஸ் எடுக்க முடியுமா? முடியாது. ரெண்டு வருஷம் தள்ளி ரத்தாகியிருந்தால் தப்பித்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஒரே சீசன்தான் கிடைக்கும் என்றால் அதில் எதை வைப்பீர்கள், செவ்ரான்? அதைச் சொல்லுங்கள்.

ஒன்பதாவது செவ்ரான்:

இதை வருஷக்கணக்காக மனசில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அதனால் உடனே சொல்லிவிடுகிறேன்.

பத்து எபிசோடு போதும். இருபது வேண்டாம், இருபதுக்கு இழுத்ததால்தான் முதல் சீசன் தளர்ந்தது.

முதல் எபிசோடு முழுக்க எலை மட்டும். வேறு முகமே வேண்டாம், கினோ என்கிற மிதக்கும் கேமரா பந்து ஒன்று அவன் பின்னால் மிதந்து வரட்டும், அதனிடம் பேசட்டும். முதல் நாள் பெட்டியைப் பிரிக்கிறான். ஐந்தாம் நாள் எங்கே தப்பு என்று தெரிகிறது, ஆனால் மாற்றுப் பாகம் இல்லை. ஒன்பதாம் நாள் ஜின்னைத் திறக்கலாமா என்று நினைவகத்தின் முன்னால் நிற்கிறான். திறந்தால் உதவி கிடைக்கும், கப்பலுக்கு ஆபத்தும் வரலாம். உறங்குகிறவர்கள் அத்தனை பேர் உயிரும் அவன் கையில். அவன் திறக்காமல் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தே, அன்றன்றைக்கு என்ன செய்தான் என்று சொல்லிவிட்டுப் போகட்டும். பெட்டி சரியானதா என்று காட்டாமல் முடிக்கலாம்.

ரெண்டாவது எபிசோடில் மூன்று வருஷம் கழிந்திருக்கிறது. பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. முதலில் எழுகிறவள் லிசா பார்க்காக இருக்க வேண்டும். ‘பிளாக்கேட்’ எபிசோடில் நட்சத்திரத்தின் வெளிச்சத்தில் கண் போனவள். எல்லாரும் எலை எங்கே என்று பார்க்கிறார்கள், அவளால் பார்க்க முடியாது. அதனால் அவள் கேட்கிறாள். அவன் மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று.