சிங்கப்பூர் நிரந்தரவாசம்: தம்பிக்காக ஓர் உதவி

குழுவில் உள்ள அனைவருக்கும் காவேரிப்பட்டணத்திலிருந்து வணக்கம். டிப்ளமோ முடித்த என் தம்பி, சிங்கப்பூருக்கு ஒர்க் பெர்மிட்டில் போய், இப்போது எஸ் பாஸில் (நடுத்தரத் திறன் பணியாளர்களுக்கான வேலை அனுமதி) மேற்பார்வையாளராக வேலை பார்க்கிறான். எஸ் பாஸ் இருந்தால் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றாலும், தகுதி இருப்பது வேறு, கிடைப்பது வேறு. அங்குள்ள குடிநுழைவு ஆணையம் சம்பளம், படிப்பு, தங்கிய காலம், குடும்பச் சூழல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது. எனவே எஸ் பாஸில் இருந்தபடியே நிரந்தரவாசம் பெற்ற நம் பக்கத்துக்காரர்கள் இருந்தால், எத்தனை ஆண்டு வேலைக்குப் பின் கிடைத்தது என்று தயவுசெய்து எழுதுங்கள்.

குடும்பத்தை உடன் தங்கவைக்கும் டிபென்டன்ட் பாஸுக்குக் குறைந்தது 6,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) மாதச் சம்பளம் வேண்டும் என்பதால், அவன் மனைவியும் எட்டாம் வகுப்பு படிக்கும் மகனும் எங்களோடுதான் இருக்கிறார்கள். விண்ணப்பத்தில் அவர்களையும் சேர்க்கலாம். ஆனால் பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் பெறும் ஆண் பிள்ளை, உரிய வயதில் இரண்டு ஆண்டு தேசிய சேவை (ராணுவம் போன்றவற்றில் கட்டாயப் பணி) செய்தாக வேண்டும். தம்பிக்கு அந்தக் கடமை இல்லை, பையனுக்கு உண்டு. எங்களை அதிகம் யோசிக்க வைப்பது இதுதான். பிள்ளையைச் சேர்த்தவர்கள், சேர்க்காமல் விட்டவர்கள் இருவருமே உங்கள் அனுபவத்தைச் சொல்ல வேண்டும்.

பையனின் பிறப்புச் சான்றிதழில் தம்பியின் பெயர் இனிஷியலோடும், பாஸ்போர்ட்டில் எங்கள் அப்பாவின் முழுப்பெயரோடும் இருக்கிறது. இதற்கு நோட்டரி உறுதிமொழி போதுமா, சான்றிதழையே திருத்த வேண்டுமா?

ஓசூரில் ஓர் ஏஜென்ட் உறுதியாக வாங்கித் தருவதாகச் சொல்லிப் பெரிய தொகை கேட்கிறார். முடிவு அரசின் கையில் இருக்கும்போது அப்படி யாரும் உறுதி தர முடியாது என்பதே என் எண்ணம். அதனால் ஏஜென்ட் எண்களைத் தவிர்த்து, நேரடியாக விண்ணப்பித்தவர்கள் மட்டும் வழிகாட்டுங்கள்.