கொச்சி: அம்மாவோடு வெள்ளி, சனி. எதை எப்போது பார்ப்பது?

வைகைக்கரை கேட்டது:
வெள்ளி காலை 8 மணிக்கு எர்ணாகுளம் ஜங்ஷனில் இறங்கி, சனி மாலை ரயிலில் திரும்புகிறோம். 68 வயது அம்மா கூட வருகிறார், முட்டிவலி உண்டு. ஃபோர்ட் கொச்சி கோட்டை, மட்டாஞ்சேரி அரண்மனை, யூதர் ஜெபாலயம் மூன்றும் பார்க்கணும். கார் வைக்கவா, படகில் போகவா?

கடலோடி:
டிக்கெட் போட்டாச்சா? இல்லையென்றால் கிழமையை மாற்றுங்கள். அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. ஜெபாலயம் சனிக்கிழமை திறக்காது. வெள்ளி மாலையே யூதர்களின் ஓய்வு நாளான சபாத் தொடங்கிவிடுவதால் அன்றும் நம்பிப் போக முடியாது. யூதப் பண்டிகை நாட்களிலும் மூடல்தான். திங்கள் முதல் வியாழன் வரை உத்தமம். ஞாயிறும் திறந்திருக்கும், ஆனால் கூட்டம் தாங்காது.

மாற்ற முடியாதென்றால் வெள்ளி முழுக்க ஃபோர்ட் கொச்சி, சனி காலை அரண்மனை. அங்கே பள்ளியறைச் சுவரில் உள்ள இராமாயண ஓவியங்களுக்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண ஓட்டு வீடு மாதிரி இருக்கும், ஏமாந்து திரும்பிவிடாதீர்கள். போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்தது. டச்சுக்காரர்கள் பழுதுபார்த்ததோடு, 'டச்சு அரண்மனை' என்று பெயரையும் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

கோட்டையைத் தேட வேண்டாம். ஆங்கிலேயர் 1806-இல் இடித்துவிட்டார்கள், பெயர்தான் மிச்சம்.

உப்பங்கழி:
ஃபோர்ட் கொச்சிக்குக் காரில் சாலை வழி போனால் வில்லிங்டன் தீவைச் சுற்றிப் பாலங்களில் நிற்க வேண்டிவரும். படகில் சுமார் 20 நிமிடம். அம்மாவுக்காக ஹைகோர்ட் முனையத்திலிருந்து வாட்டர் மெட்ரோ என்ற படகுச் சேவையில் ஏறுங்கள்: ஏறும் மேடையே மிதப்பது, நீர்மட்டத்தோடு கூடவே ஏறி இறங்கும், அதனால் படகுத் தளத்துக்குப் படி ஏற வேண்டியதில்லை. மெயின் ஜெட்டியில் கிடைக்கும் பழைய அரசுப் படகு மலிவு. ஆனால் நீர்மட்டம் இறங்கும் நேரத்தில் படகு தாழ்ந்துவிடும், கால் எட்டிவைக்கணும். வாட்டர் மெட்ரோவில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்ற மாட்டார்கள், மாலையில் திரும்ப வரிசை நீளும். சூரிய அஸ்தமனம் பார்த்த கையோடு எல்லோரும் அங்கேதான் வருவார்கள். ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்புங்கள்.

சுக்குமிளகு:
ஃபோர்ட் கொச்சிக் கரையில் இருக்கும் சீன மீன்பிடி வலை நம்மூர் ஏற்றம் மாதிரிதான்: ஒரு முனையில் வலை, மறுமுனையில் கயிற்றில் கட்டிய பாறாங்கற்கள். எடை சமமாக இருப்பதால்தான் நாலைந்து பேரால் தூக்க முடிகிறது. "வாங்க, கயிறு இழுங்க" என்று கூப்பிட்டால் அது இலவசம் இல்லை. தொகையை முதலில் பேசிக்கொள்ளுங்கள். மேடைப் பலகை வழுக்கும், அம்மா கரையிலேயே நிற்கட்டும்.

பக்கத்தில் புனித பிரான்சிஸ் தேவாலயம். வாஸ்கோ ட காமா 1524-இல் இறந்தபோது இங்கேதான் புதைத்தார்கள். உடல் பிறகு லிஸ்பனுக்குப் போய்விட்டது, கல்லறைக்கல் மட்டும் இருக்கிறது.

அங்கிருந்து மட்டாஞ்சேரிக்கு இரண்டரை, மூன்று கிலோமீட்டர், ஆட்டோ போதும். "ஐம்பது ரூபாய்க்கு எல்லா இடமும்" என்பவரிடம் ஏறினால் பாதி நேரம் கைவினைக் கடைகளில் போகும், அவருக்குக் கமிஷன் அங்கே. மிளகு வாங்கினால் நாலு மணியைத் தண்ணீரில் போடச் சொல்லுங்கள், மிதந்தால் சப்பை.

வைகைக்கரை:
நன்றி மக்களே. செவ்வாய்க்கு மாற்றிவிட்டேன்.