ஒரே சாலை உள்ள கடற்கரை ஊரில் புது ரிசார்ட், அடுக்குமாடி: போக்குவரத்து அறிக்கையில் எதைச் சரிபார்ப்பது?

நெய்தல்கரை (கேள்வி):
மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் வர ஒரே சாலை, முனையில் ஒரு சிக்னல். கடற்கரையில் 100 கார் நிறுத்த இடம் உண்டு. இப்போது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பும் ரிசார்ட்டும் அனுமதிக்கு வந்திருக்கின்றன. கட்டுபவர் தரப்பின் அறிக்கை, "உச்ச நேரத்தில் வண்டிகள் 15 சதவீதம்தான் கூடும், பெரிய பாதிப்பு இல்லை" என்கிறது. மூன்று வாரத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம். "வேண்டவே வேண்டாம்" என்று கத்திவிட்டு வருவதில் பயனில்லை. எந்தக் கணக்கைக் கேட்பது, எந்த நிபந்தனையை வைப்பது? சாலை தவிர வேறு எதையாவது கவனிக்க வேண்டுமா?

நாற்சந்தி:
சதவீதத்தை விடுங்கள். சிக்னலில் மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள்.

பச்சை விழுந்து வண்டிகள் சீராக நகர ஆரம்பித்தால் ஒரு லேனில் சுமார் 2 நொடிக்கு ஒரு கார் கோட்டைத் தாண்டும். 90 நொடிச் சுற்றில் ஊரிலிருந்து வெளியேறும் பக்கத்துக்கு 30 நொடி பச்சை என்று வையுங்கள். முன்னால் நிற்பவர் சுதாரித்து நகர்வதற்குள் 2 நொடி போய்விடும். மீதி 28 நொடியில் 14 கார். மணிக்கு 40 சுற்று, ஆக 560 கார். அதற்கு மேல் ஒன்றுகூடப் போகாது.

ஞாயிறு மாலை இப்போதே மணிக்கு 520 கார் வருகிறது என்றால் சிக்னல் 93 சதவீதம் நிரம்பிவிட்டது. அதில் 15 சதவீதம், அதாவது சுமார் 80 கார் சேர்ந்தால் 600. மணிக்கு 40 கார் தேங்கும். காருக்கு 7 மீட்டர் வைத்தால் ஒரு மணி நேரத்தில் 280 மீட்டர் வரிசை, இரண்டாவது மணி நேரத்தில் 560 மீட்டர். வரிசை முதல் குறுக்குத் தெருவை எட்டியதும் அங்கிருந்து திரும்ப வேண்டிய வண்டிகளும் மாட்டிக்கொள்ளும். பிறகு சிக்னலுக்குச் சம்பந்தமே இல்லாதவர்களும் நிற்பார்கள். அதே 15 சதவீதம், பாதி காலியாக இருக்கும் சிக்னலில் கண்ணுக்கே தெரியாது. 85, 90 சதவீதத்தைத் தாண்டிய சந்திக்குச் சின்னக் கூடுதலும் பெரிய அடி. அறிக்கையில் 'கொள்ளளவுக்கு எத்தனை சதவீதம்' என்ற எண் ஒவ்வொரு திருப்பத்துக்கும் தனித்தனியாக இருக்கிறதா என்று தேடுங்கள். மொத்தச் சந்திக்கும் சேர்த்து ஒரே சராசரி போட்டிருந்தால் மோசமான திருப்பம் அதற்குள் மறைந்துபோகும்.

அடுத்து, எந்த நாளில் எண்ணினார்கள்? நகர வீடுகளுக்கான வார நாள் மாலைக் கணக்கைக் கடற்கரை விடுதிக்குப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. விடுதிக்கு உச்ச நேரம் அறை காலிசெய்து அடுத்தவர் வரும் மதியம். கடற்கரைக்கு உச்ச நேரம் விடுமுறை நாள் மாலை. சாலை வடிவமைப்பில் ஆண்டின் 30-ஆவது உச்ச மணியை, அதாவது எல்லா மணி நேரங்களையும் வண்டி எண்ணிக்கைப்படி அடுக்கினால் மேலிருந்து 30-ஆவதாக வருவதை, எடுப்பது பழைய நடைமுறை. பருவ கால ஊர்களில் அந்த மணிக்கும் சாதாரண நாளுக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரியது. செவ்வாய்க்கிழமைக் கணக்கோடு வந்தால் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்.

மணல்திட்டு:
சிக்னலை விட பார்க்கிங்தான் முதலில் உடையும். அந்த 100 இடத்தை வைத்தே பாருங்கள். மணிக்கு 60 கார் வருகிறது, ஒவ்வொன்றும் 3 மணி நேரம் நிற்கிறது என்றால் ஒரே நேரத்தில் தேவைப்படுவது 60 × 3 = 180 இடம். 80 காருக்கு இடமே இல்லை. அவை வீடு திரும்பாது. சுற்றிச் சுற்றி வரும், வாசல்களை அடைக்கும், மணல்மேட்டின் மேல் ஏறி நிற்கும். சாலையில் நெரிசல் என்று நாம் எண்ணுவதில் ஒரு பங்கு இடம் தேடி அலையும் இந்த வண்டிகள்தான். பார்க்கிங் பற்றி ஆராய்ந்த டொனால்ட் ஷூப் சொன்ன அளவுகோல் நல்லது: இடங்கள் 85 சதவீதம் நிரம்பும் அளவில் கட்டணத்தை வைக்க வேண்டும், எப்போதும் ஏழில் ஓர் இடமாவது காலியாகக் கிடைக்கும்.

வாயிலையும் கவனியுங்கள். காரை நிறுத்திக் காசு வாங்கிச் சீட்டுக் கிழித்துக் கொடுக்க 30 நொடி ஆனால் மணிக்கு 120 கார்தான் நுழையும், அதற்கு மேல் வந்தால் மீதி மெயின் ரோடு வரை நிற்கும். நுழையும் இடத்தில் காசு வாங்கவே கூடாது. வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போய்க் கட்டும்படி உள்ளே வையுங்கள். காலி இட எண்ணிக்கைப் பலகை கடற்கரையில் இருந்தால் வீண். சிக்னலுக்கு முன்னால், வண்டி திரும்பிப் போகக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும்.

ஊருக்கு வெளியே நிறுத்திப் பேருந்தில் கொண்டுவரும் யோசனையை எல்லோரும் சொல்வார்கள். போய்வர 20 நிமிடம், 30 இருக்கை, 3 பேருந்து என்றால் மணிக்கு 9 நடை, 270 பேர். வரும்போது கூட்டம் நாள் முழுக்கச் சிதறி வரும், தாங்கும். இருட்டும்போதோ மழை பிடிக்கும்போதோ எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். 80 கார், காருக்கு 3 பேர் என்றால் 240 பேர் ஒரே மணி நேரத்தில் திரும்ப வேண்டும். பேருந்தும் அதே கார் வரிசையில் மாட்டினால் 20 நிமிடம் 40 ஆகும், 270 பாதியாகும். ஒரு தடவை மழையில் காத்து நின்றவர் அடுத்த வாரம் காரில்தான் வருவார். அதனால் கடைசி ஒரு கிலோமீட்டருக்காவது பேருந்துக்குத் தனி வழி கேளுங்கள்.

அலைவரிசை:
இவ்வளவு எதற்கு? சாலையை நாலு லேன் ஆக்கும் செலவைக் கட்டுபவர் தலையில் போட்டால் முடிந்தது.

நாற்சந்தி:
முடியாது. சாலை கடலில் போய் முடிகிறது. நடுவில் எத்தனை லேன் போட்டாலும் ஒரு முனையில் சிக்னலின் 30 நொடி, மறு முனையில் 100 இடம். குழாயின் நடுப்பகுதியைப் பெரிதாக்குவது போலத்தான். அகலப்படுத்தினால் வண்டியும் கூடும்: அமெரிக்க நகரங்களின் நெடுஞ்சாலைகளை ஆராய்ந்த டுராண்டன், டர்னர் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், லேன் நீளம் கூடும் விகிதத்திலேயே வண்டி ஓட்டமும் கூடுவதைக் காட்டினார்கள். அது பெரிய சாலைகள் பற்றியது, உங்கள் சாலைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் போக்கு அதுதான். நடப்பவருக்கும் இழப்பு. நிமிடத்துக்கு 72 மீட்டர் நடப்பவர் 7 மீட்டர் சாலையை 6 நொடியில் கடப்பார். 14 மீட்டர் என்றால் 12 நொடி. கையில் குழந்தையோடு அந்த 12 நொடி இடைவெளி விடுமுறை நாளில் கிடைக்காது.

அகலப்படுத்தியே ஆக வேண்டுமென்றால் சந்திக்கு முன் 60, 70 மீட்டர் மட்டும். எதிர் வரிசையை வெட்டித் திரும்பும் வண்டிகளுக்குத் தனி லேன் கிடைத்தால் நேரே போகும் வண்டிகள் அவற்றின் பின்னால் நிற்க வேண்டாம். செலவும் குறைவு. ரவுண்டானாவும் நல்ல வழி, ஆனால் மெயின் ரோட்டில் இடைவிடாத ஓட்டம் இருந்தால் ஊர்ப் பக்கத்து வண்டிக்கு உள்ளே நுழையவே சந்து கிடைக்காது. முதலில் ஓட்டத்தை எண்ணிவிட்டு முடிவெடுங்கள்.

உவர்நீர்:
சாலை தவிர என்ன என்று கேட்டீர்கள். தண்ணீர், மணல்மேடு, வெளியேறும் வழி, இந்த மூன்றும்.

கடலோர மண்ணில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கைபன், ஹெர்ஸ்பெர்க் இருவரும் தனித்தனியே கண்ட விகிதம் 1-க்கு 40: நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் இருந்தால் கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல நீர். போர்வெல் போட்டு இழுத்து அந்த மட்டம் நிலையாக அரை மீட்டர் இறங்கினால் அடியிலிருந்து உப்புநீர் 20 மீட்டர் ஏறப் பார்க்கும். ஒருமுறை உவர்த்த கிணறு மீள ஆண்டுக்கணக்கில் ஆகும். ரிசார்ட் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் லிட்டர் எடுக்கும், எங்கிருந்து, நீச்சல் குளத்துக்கு எது என்பதை எழுத்தில் வாங்குங்கள். அடித்தள பார்க்கிங் தோண்டும்போது மாதக்கணக்கில் இறைக்கும் தண்ணீர் இந்தக் கணக்கில் வருவதே இல்லை, தனியாகக் கேளுங்கள்.

மனையை அரை மீட்டர் மண் கொட்டி உயர்த்தினால் அங்கே தேங்கிய மழைநீர் சாலைக்கும் பக்கத்து வீட்டுக்கும்தான் போகும். 1000 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை என்றால் 50,000 லிட்டர். வடிகால் வரைபடம் இல்லாமல் உயர்த்த விடாதீர்கள். மணல்மேட்டைச் சமப்படுத்தினால் புயலில் அலையைத் தடுப்பதற்கும், அரித்த கரைக்கு மணல் கொடுப்பதற்கும் எதுவும் இருக்காது.

கடைசியாக, ஊரில் 3000 வண்டி இருக்கும் ஒரு விடுமுறை நாளில் புயல் எச்சரிக்கை வந்தால், நாற்சந்தி சொன்ன மணிக்கு 560 கணக்கில் காலிசெய்ய ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். போலீஸ் நின்று மெயின் ரோட்டை நிறுத்திவிட்டால் பாதியாகலாம். அந்தச் சாலையின் மிகத் தாழ்வான இடம் எது, கடல்நீர் ஏறினால் அது எப்போது முழுகும் என்று கேளுங்கள். அங்கே தண்ணீர் வரும்வரை உள்ள நேரம்தான் உங்களுக்கு உண்மையில் கிடைக்கும் நேரம்.

நெய்தல்கரை:
எல்லோருக்கும் நன்றி. சிக்னலில் நாங்களே எண்ணினால் ஒப்புக்கொள்வார்களா? எப்படி எண்ணுவது?

நாற்சந்தி:
முறையாக எண்ணினால் தள்ளிவிட முடியாது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒருவர், 15 நிமிடக் கட்டங்களாக, கார், இருசக்கரம், பேருந்து, லாரி எனத் தனித்தனியே. இரண்டு வார இறுதி, ஒரு வார நாள்.

ஒன்றை மறக்காதீர்கள். கோட்டைத் தாண்டிய வண்டியை மட்டும் எண்ணினால் சிக்னல் விட்டதைத்தான் எண்ணுகிறீர்கள், வந்ததை அல்ல. நெரிசல் எவ்வளவு முற்றினாலும் அந்த எண் 560-லேயே நிற்கும். அதைக் காட்டி "கொள்ளளவுக்குள் இருக்கிறது" என்பார்கள். ஒவ்வொரு 15 நிமிடத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வரிசையில் நிற்பவற்றையும் எண்ணுங்கள். 140 தாண்டியது, வரிசை 12-லிருந்து 30 ஆனது என்றால் வரத்து 140 + 18 = 158. வரிசையின் வாலில் ஒருவர் நடந்துகொண்டே இருக்க வேண்டும், அதற்கு ஓர் ஆள் கூடுதலாக வையுங்கள்.

நிபந்தனையில் இதையும் சேர்க்கச் சொல்லுங்கள்: பாதி வீடுகளுக்கு மட்டும் முதலில் குடியேற்ற அனுமதி, ஒரு விடுமுறைப் பருவம் முடிந்து இதே முறையில் மறுபடி எண்ணி, வரிசை குறுக்குத் தெருவை எட்டாவிட்டால்தான் மீதிக்கு.