கலைச்சொல்: ரெஸ்டாரண்ட் சைனா – வன்பீங்கானா, உணவகப் பீங்கானா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நம் கலைச்சொல் பட்டியலுக்காக, பழைய அமெரிக்க ரெஸ்டாரண்ட் சைனாவுக்கு, அதாவது உணவகங்களுக்கென்று செய்த உறுதியான பீங்கான் தட்டு, கோப்பைகளுக்கு, ‘வன்பீங்கான்’ என்று குழுவிலுள்ள ஐயா முன்மொழிந்திருக்கிறார். நல்ல சொல்தான், ஆனால் அது ஜெர்மனியின் மைசன் நகரில் செய்யும் பீங்கான் வகைக்கு வேண்டும். அங்கே முதல் சூளை மிதமானது; மெருகு (கண்ணாடிபோன்ற மேற்பூச்சு) பூசிய பிறகுதான் கடுஞ்சூடு. அமெரிக்கத் தட்டில் நேர்மாறு. மெருகில்லாத மண்ணாக இருக்கும்போதே கடுஞ்சூட்டில் இறுகி, தண்ணீர் ஊறாத உடலாகிவிடும். மெருகுச் சூளையின் சூடு அதைவிடக் குறைவு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் சேகரிப்பவர்கள் திண்டாடிப்போவார்கள். என் பரிந்துரை: உணவகப் பீங்கான்.

அடுத்த சொல் ‘ரோல்டு எட்ஜ்’. இந்த விளிம்பை அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரிலிருந்த ஒனண்டாகா பாட்டரி என்ற பீங்கான் நிறுவனம் 1896இல் கொண்டுவந்தது. தட்டைக் கவிழ்த்து விளிம்போரம் விரலை ஓட்டினால், பித்தளைச் சருவத்தின் வாய்போல ஒரு தடிப்பு தட்டுப்படும். அடுக்கும்போதும் கழுவும்போதும் முதலில் சில்லு பெயர்வது விளிம்பில்தான். அதற்காகவே இந்தத் தடிப்பு. பார்வைக்குத்தான் சுருட்டியதுபோல் இருக்கும். எனவே ‘சுருள்விளிம்பு’ வேண்டாம், ‘திரள்விளிம்பு’ என்போம்.

---

> என் பரிந்துரை: உணவகப் பீங்கான்.

வன்பீங்கானை மைசனுக்கே விட்டுவிடலாம் அக்கா, ஒப்புக்கொள்கிறேன். திரள்விளிம்பு மிகப் பொருத்தம். ஆனால் இதே தட்டுகள் ரயில், கப்பல், மருத்துவமனை எல்லாவற்றுக்கும் போயினவே. ‘உணவகம்’ அவ்வளவையும் தாங்குமா? ‘பந்திப் பீங்கான்’ எப்படி? பலர் கூடி உண்ணும் இடம் எதுவானாலும் அடங்கும்.

---

ஐயா, பந்தி என்றதும் நம்மவர்களுக்கு வாழையிலைதான் கண்முன் வரும். பீங்கான் அங்கே ஒட்டாது. சாண்டா ஃபே ரயில் நிறுவனத்துக்காக கட்டடக் கலைஞர் மேரி கோல்ட்டர் 1930களில் வடிவமைத்த மிம்பிரேனோ தட்டுகளைப் பாருங்கள். நியூ மெக்சிகோவின் பழைய மிம்பிரஸ் மட்கலங்களில் உள்ள விலங்கு, பறவை உருவங்களைத் தழுவியவை, சூப்பர் சீஃப் ரயிலின் உணவுப் பெட்டியில் பரிமாறப்பட்டவை. ஓடுகிற பெட்டியானாலும் அதுவும் உணவகம்தானே! மருத்துவமனைத் தட்டை ‘உணவகப் பீங்கான், மருத்துவமனை வகை’ என்று குறித்தால் போதும்.

அந்தத் தட்டுகளின் அடியில் சாண்டா ஃபே உணவுப் பெட்டிச் சேவைக்கென்றே செய்யப்பட்டதாக அச்சிட்டிருக்கும். சேகரிப்பவர்கள் முதலில் புரட்டிப் பார்ப்பது அதைத்தான், விலையும் அதைப் பொறுத்தே ஏறும். இப்படி அடியில் இடும் முத்திரையான ‘பேக்ஸ்டாம்ப்’ என்பதற்கு ‘பின்முத்திரை’ என்று நம் பட்டியலில் இருக்கிறது. தட்டுக்கும் கோப்பைக்கும் அடிதான் உண்டு, பின்புறம் ஏது? ‘அடிமுத்திரை’ என்று திருத்திவிடலாமா?