டிராக் நாளுக்கு எடை குறைந்த கார்: எம்எக்ஸ்-5ஆ, எலிஸா, ஜிடி86ஆ?

புதுச்சக்கரம்:
வணக்கம். ஆண்டுக்கு நாலைந்து டிராக் நாட்கள் (சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாட்கள்) போய்வர லேசான கார் ஒன்று வாங்கப் போகிறேன், செகண்ட் ஹேண்ட்தான். பந்தயம் எதுவும் இல்லை. காலையில் ஓட்டிப் போய், பகல் முழுக்க டிராக்கில் சுற்றி, மாலையில் அதே காரில் வீடு திரும்ப வேண்டும். இதுவரை 1,500 கிலோ எடையுள்ள வீட்டு செடானில் இரண்டு முறை போனேன். இரண்டாவது முறை ஆறாவது லேப்பில் பிரேக் பெடல் பஞ்சை மிதித்த மாதிரி உள்ளே போனது. கார் நின்றது, ஆனால் நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. அப்போதுதான் எடை குறைந்த கார் என்ற எண்ணமே வந்தது. பட்டியலில் மூன்று: மாஸ்டா எம்எக்ஸ்-5, லோட்டஸ் எலிஸ், டொயோட்டா ஜிடி86. என் உயரம் ஆறடி இரண்டு அங்குலம். எதை எடுக்கலாம்?

வளைவுப்பித்தன்:
எலிஸ். இரண்டாவது யோசனையே வேண்டாம். 1996இல் வந்த முதல் எலிஸின் எடை ஏறத்தாழ 725 கிலோ. அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டிச் செய்த அதன் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், மட்டும் 68 கிலோ, ஒரு ஆள் எடை! பிறகு டொயோட்டாவின் 1.8 லிட்டர் எஞ்சின் போட்டு வந்தவையும் 900 கிலோவை ஒட்டித்தான் நிற்கும், பலவற்றில் சக்தி 190 குதிரைத்திறன் அளவில். பவர் ஸ்டீயரிங் கிடையாது. முன் டயர் பிடியை இழக்கத் தொடங்கும் அந்த நொடியில் ஸ்டீயரிங் கையில் லேசாகும். எந்த மீட்டரும் அதைச் சொல்லாது, உங்கள் உள்ளங்கை சொல்லும். ஓட்டக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

ஸ்பானர்கை:
பித்தன் அண்ணா சொல்வதில் ஸ்டீயரிங் பற்றிய வரி அத்தனையும் சரி. ஆனால் கேட்டவர் புதியவர், மாலையில் அதே காரில் வீட்டுக்குப் போக வேண்டியவர். எலிஸின் முன்பக்கம் ஒரே பெரிய ஃபைபர் கூடு. ஓரத்தில் ஒரு கோனை இடித்து விரிசல் விட்டாலும் பேச்சு அந்த முழுக் கூட்டைப் பற்றியதாகிவிடும். பசையால் ஒட்டிய சேசிஸ் அடி வாங்கினால், இரும்பு பாடியை இழுத்து நேராக்குவதுபோல் நேராக்கவும் முடியாது.

என் வாக்கு எம்எக்ஸ்-5க்கு. முக்கியமான கணக்கு ஒன்று சொல்கிறேன். மணிக்கு 160 கிமீ வேகத்திலிருந்து 80க்கு இறங்கினால் வேகம் பாதிதான் குறைகிறது. ஆனால் காரின் இயக்க ஆற்றலில் முக்கால் பங்கு போய்விடுகிறது, அதில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகிறது. 1,500 கிலோ காரில் அந்த வெப்பம் 1,000 கிலோ காரைப்போல் ஒன்றரை மடங்கு. ஒவ்வொரு லேப்பிலும், ஒவ்வொரு பெரிய வளைவிலும் இதே கதை. புதுச்சக்கரம் அந்த ஆறாவது லேப்பில் அனுபவித்தது இதைத்தான். லேசான கார் என்றால் வேகமான கார் என்று மட்டும் நினைக்காதீர்கள். பிரேக் பேட், பிரேக் டிஸ்க், டயர் மூன்றும் அதிக நாள் வரும், மதியத்துக்குப் பிறகும் ஓட்ட முடியும். 2015இல் வந்த நான்காம் தலைமுறை எம்எக்ஸ்-5 பெரும்பாலும் 1,000 முதல் 1,100 கிலோவுக்குள். 2 லிட்டர் எஞ்சின் வேண்டுமென்றால் 184 குதிரைத்திறன் தரும் பிந்தைய வடிவத்தைத் தேடுங்கள், அது நிமிடத்துக்கு 7,500 சுற்று வரை போகும்.

கூரைதான்முக்கியம்:
ஆறடி இரண்டு அங்குலம் என்று அவர் எழுதியதை யாருமே கவனிக்கவில்லையா? எம்எக்ஸ்-5, எலிஸ் இரண்டுமே தாழ்ந்த திறந்த கார்கள். ரோல் பாரின் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவு) உச்சியிலிருந்து முன் கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பு வரை நேரான கம்பு ஒன்றை வைத்தால், ஹெல்மெட் போட்ட தலை அதற்குக் கீழே இருக்க வேண்டும். பல டிராக் நாள் அமைப்பாளர்கள் இதைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். விட்டாலும் விடாவிட்டாலும் அது உங்கள் தலை. எம்எக்ஸ்-5இல் இருக்கைக்குப் பின்னால் கம்பெனியே வைத்திருக்கும் வளைவுகளை ரோல் பார் என்று நம்பிவிடாதீர்கள்.

ஜிடி86க்கு இரும்புக் கூரை இருக்கிறது. பின் இருக்கையை மடித்தால் நான்கு சக்கரங்களும் ஜாக்கியும் உள்ளே போகும். எடை சுமார் 1,240 கிலோ, 2 லிட்டரில் 200 குதிரைத்திறன். பின் சக்கரத்தில் ஓடுகிற கார், பெரும்பாலானவற்றில் இரு பின் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலும் நல்லதாகவே வரும்.

வளைவுப்பித்தன்:
1,240 கிலோவை லேசு என்கிறீர்களே, நண்பரே! எலிஸோடு வைத்துப் பார்த்தால் அது நாலு பெரிய ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடுகிற மாதிரி.

ஸ்பானர்கை:
ஜிடி86ஐ நானும் குறை சொல்லமாட்டேன். ஆனால் சிலிண்டர்கள் பக்கவாட்டில் படுத்திருக்கும் எஞ்சின் என்பதால், நல்ல பிடியுள்ள டயர் போட்டு நீண்ட வலது வளைவுகளில் விடாமல் ஓட்டினால் எண்ணெய் அழுத்தம் இறங்குவதைப் பலர் அளந்து காட்டியிருக்கிறார்கள். சாதாரண சாலை டயரில் ஓட்டுங்கள், எண்ணெயை மேல் கோடு வரை வைத்திருங்கள். பித்தன் அண்ணா, உங்கள் டொயோட்டா எஞ்சின் எலிஸுக்கும் இதே நோய் உண்டு. சம்ப்புக்குள், அதாவது எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டிக்குள், தடுப்புத் தட்டு போடாமல் அதைத் தொடர்ந்து டிராக்கில் ஓட்டக்கூடாது. அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

வளைவுப்பித்தன்:
சரி, சொல்லியிருக்க வேண்டும். என் காரில் முதல் வேலையாகப் போட்டதே அந்தத் தட்டுதான், அதனாலேயே மறந்துவிட்டேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எலிஸ் மாதிரி நடுவில் எஞ்சின் உள்ள காரில் வளைவின் மத்தியில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் சுற்றும். முதல் ஆண்டில் எனக்கு இரண்டு முறை சுற்றியது. அதில் ஒரு முறை முழு வட்டம் அடித்து, டிராக்கைப் பார்த்தபடியே புல்வெளியில் போய் நின்றேன். அப்படியும் காரை விற்கத் தோன்றவில்லை. ஆனால் புதியவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

முன்சக்கரம்:
ஸ்போர்ட்ஸ் கார்தான் வேண்டும் என்று யார் சொன்னது? 2017இல் வந்த சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 970 கிலோதான். கூரை உண்டு, நாலு பேர் உட்காரலாம், உதிரிபாகம் தேடி அலைய வேண்டாம்.

ஸ்பானர்கை:
நல்ல கார், மறுக்கவில்லை. ஆனால் முன் டயரே இழுத்து, முன் டயரே திரும்பி, பிரேக் சுமையில் பெரும்பங்கையும் முன் டயரே தாங்க வேண்டும். நாலைந்து டிராக் நாட்களில் முன் டயரின் வெளித்தோள் ரம்பப் பல் மாதிரி ஆகிவிடும், பின் டயர் புதிதாகவே இருக்கும். கற்றுக்கொள்ளலாம், ஆனால் வலது காலால் காரின் பின்பக்கத்தைத் திருப்பும் பாடம் அதில் கிடைக்காது.

புதுச்சக்கரம்:
எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை மூன்று காரிலும் ஏறி உட்கார்ந்து பார்த்தேன், ஹெல்மெட்டையும் ஒரு நீளமான மரச்சட்டத்தையும் எடுத்துப் போனேன்.

எலிஸில் அகலமான அந்தக் கதவுப்படியைத் தாண்டி உள்ளே இறங்கவே மூன்று முயற்சி ஆனது. உட்கார்ந்த பிறகு எழ மனமில்லை, பித்தன் அண்ணா சொன்னது புரிந்தது. ஆனால் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. எம்எக்ஸ்-5இல் ரோல் பார் போட்டிருந்தார்கள். இருக்கையைக் கடைசி வரை பின்னால் தள்ளி, ஹெல்மெட்டோடு நிமிர்ந்து உட்கார்ந்தேன். நண்பன் சட்டத்தை வைத்தான். அது கிடையாகவே நிற்கவில்லை, ஹெல்மெட்டின் மேல் ஏறி உட்கார்ந்தது. இரண்டு விரல் அளவு என் தலை வெளியே. ஜிடி86இல் ஹெல்மெட்டுக்கும் கூரைக்கும் நடுவே முஷ்டி போனது.

ஸ்பானர்கை:
அப்படியென்றால் ஜிடி86தான். இருக்கையின் பஞ்சை எடுத்து இறக்கலாம், பக்கெட் சீட் போடலாம் என்று என்னாலும் நாலு வழி சொல்ல முடியும். இரண்டு விரலைக் கீழே கொண்டுவந்தாலும் மிச்சம் எதுவும் இருக்காது. என் வாக்கை மாற்றிக்கொள்கிறேன்.

வளைவுப்பித்தன்:
நான் மாற்றவில்லை. ஆனால் முழங்கால் இடித்தால் ஓட்ட முடியாது, அதை ஏற்கிறேன். அடுத்த முறை வரும்போது சொல்லுங்கள், என் காரில் பக்கத்து இருக்கையில் நாலு லேப் கூட்டிப் போகிறேன்.

புதுச்சக்கரம்:
கண்டிப்பாக வருகிறேன் அண்ணா. கார் வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்? எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர் என்று நண்பர்கள் பட்டியல் போடுகிறார்கள்.

ஸ்பானர்கை:
எதுவும் வேண்டாம். முதலில் பிரேக் ஆயிலை முழுசாக மாற்றுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம். அன்றைக்கு உங்கள் செடானில் பெடல் உள்ளே போனதற்கும் அநேகமாக அதுவே காரணம்: ஆயில் கொதித்து ஆவிக் குமிழி வந்தால், மிதிப்பது குமிழியை நசுக்கத்தான் போகும், பேடை அழுத்தாது. அப்புறம் டிராக்குக்கு ஏற்ற பேட். ஆறு லேப் ஓட்டினால் ஏழாவது லேப் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக வாருங்கள், வண்டியை நிறுத்தியபின் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விடுங்கள். டயர் அழுத்தத்தைச் சூடாக இருக்கும்போதே அளந்து நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் இன்சூரன்ஸ் டிராக்கில் செல்லுமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் செல்லாது. எக்ஸாஸ்ட் பற்றி அடுத்த வருடம் பேசலாம்.